வால் வைத்த இங்கிலீஷ்

ஹபீப் முகம்மதின் வலது கை அவர் பேச்சைக் கேட்காமல் போய் அன்றோடு பதினொரு நாள் ஆகியிருந்தது.

பினாங்கு ஸ்ட்ரீட்டில் அவருக்குக் கடை. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, பருப்பு, முட்டை, உயிர்க்கோழி என்று சாமான் கொடுக்கிற கடை. காலை எட்டு மணிக்குக் கடைக் கூலியாள் கொட்டாவி விட்டுக்கொண்டே வந்ததைப் பார்த்து, "நான் அஞ்சு மணிக்கே எந்திரிச்சிட்டேன், உனக்கென்னடா?" என்று அதட்டப் போனார். பாழாய்ப்போன மனசு அதை உள்ளுக்குள்ளேயே இங்கிலீஷில் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டது. ஐ கெட் அப் அட் ஃபைவ். அவ்வளவுதான். வலது கை விருட்டென்று மேலே போயிற்று. மேலே பலகை. பலகையின் மேல் முட்டைக்கூடை.

மச்சுப்படியில் நின்று பார்த்த அவர் மனைவி சித்தி ஹாஜரா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அலாமா! இருநூறு முட்டைங்க!"

"சத்தம் போடாதே லா. பாடம் படிக்கிறேன்."

"பாடம் வாயில படிக்கிறதா, முட்டையில படிக்கிறதா?"

பாவம், ஹபீப் என்ன செய்வார்? ஆழம் தெரியாமல் காலை விட்டாகிவிட்டது. அவருடைய வாப்பா காலத்தில் வந்த கப்பல் கேப்டன்மார் எல்லாம் துறைமுக மலாய் பேசினார்கள். "தெலூர் பாகுஸ், துவான்!" என்று முட்டையை நீட்டினால் வியாபாரம் முடிந்தது. இப்போது வந்திருந்தது ஒரு புதுக் கப்பல் கம்பெனி. தன் கப்பல்கள் எல்லாவற்றுக்கும் மூன்று வருஷத்துக்கு ஒரே கடைதான் சாமான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. கடைக்காரர்கள் நேரில் வந்து கம்பெனியின் ஆல்வர்சன் துரையிடம் இங்கிலீஷில் பேச வேண்டும். மலாய் கூடாது, மொழிபெயர்க்க ஆள் கூட்டி வரக் கூடாது.

ஹபீபிடம் இருந்த இங்கிலீஷ் மொத்தம் ஏழு சொல். அதில் மூன்று 'எஸ் சார்'.

இந்தக் கம்பெனி கைவிட்டுப் போனால் கடையை மூட வேண்டியதுதான். மூடினால் எங்கே போவது என்பதும் முடிவாகியிருந்தது. மனைவியின் அண்ணன் அப்துல் காதர், கம்பில் இரண்டு கூடை தொங்கவிட்டுத் தோளில் சுமந்து தெருத்தெருவாகச் சோறும் கறியும் விற்கிறவர். மாதக் கடைசியில் தனக்கு இரண்டாவது தோள் தேவைப்படும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அதோடு விட்டாரா? ஒரு கெட்டித் துண்டையும் வாங்கிக்கொண்டு வந்து நீட்டினார்.

"தோள்ல போட்டுக்க மச்சான். கம்பு அழுத்தாது."

அந்தத் துண்டைப் பார்த்த அன்று ஹபீபுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று தலைமுறையாகக் கப்பல் தளத்தில் ஏறி நின்ற குடும்பம். இனி "கறி ஊத்தவா?" என்று தெருவில் கூவ வேண்டும், அதுவும் மச்சானுக்குப் பின்னால். மறுநாளே ஜெலுத்தோங்கில் இருந்த கிராணி ஐயாத்துரையின் வீட்டுக்கு ரிக்‌ஷா பிடித்தார்.

ஐயாத்துரை யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்க ஆபீஸ் ஒன்றில் கிராணி, அதாவது குமாஸ்தா. அவர் எழுதிய கடிதத்தைத் திருத்த வேண்டுமென்றால் வெள்ளைக்காரனே அகராதி எடுப்பான் என்று ஊரில் பேச்சு. ஆபீஸ் விட்டு வந்ததும் வீட்டில் பாடம் சொல்வார். ஹபீபுக்குத் திங்களும் புதனும்.

"பெரிய சொல்லுகளுக்குப் பயப்பிடாதேயுங்கோ," என்றார் முதல் நாளே. "பெரிய சொல் குலைக்கிற நாய், கடியாது. கடிக்கிறது சின்னச் சொல்லுதான். கெட், புட், கிவ், டேக், ரன், டர்ன். தனிய நிண்டால் ஆறும் அப்பாவியள். பின்னாலை ஒரு வால் முளைச்சுதோ, ஆளே மாறிப்போகும்."

"வாலா?"

"அப், அவுட், ஆஃப், ஓவர். இதுகள்தான் வால். புட் எண்டால் வை. புட் ஆஃப் எண்டால் தள்ளிப்போடு. புட் அப் வித் எண்டால் பொறுத்துக்கொள்."

"அப்ப 'வை' எங்கங்க போச்சு?"

"அதை வால் திண்டுட்டுது."

ஹபீப் வந்தது வரட்டும் என்று "பிஸ்மில்லா" சொல்லி ஆரம்பித்தார்.

ஐயாத்துரையின் பாட முறை உலகத்தில் வேறெங்கும் கிடையாது. ஒவ்வொரு வாலுக்கும் ஒரு கையசைவு. 'அப்' என்றால் கை மேலே. 'அவுட்' என்றால் நெஞ்சிலிருந்து வெளியே. 'ஆஃப்' என்றால் தோள்மீது விழுந்த எறும்பைத் தட்டுவது. 'ஓவர்' என்றால் தலையைச் சுற்றி ஒரு வளையம். வினைக்குப் பின்னால் 'இங்' வந்தால்தான் பெரும்பாடு.

"இங் வந்தால் வேலை ஓடிக்கொண்டிருக்குது. ரெண்டு கையாலையும் நூல் சுத்திறமாதிரிச் சுத்தோணும். வாய் சொல்லி முடியும்வரைக்கும் நிப்பாட்டக் கூடாது."

வாத்தியார் ஒரு நோட்டில், அவர் பாஷையில் கொப்பியில், கேள்வியும் பதிலுமாக எழுதிக் கொடுத்த நாற்பது வாக்கியம் நாலே வாரத்தில் ஹபீபுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் கை இல்லாமல் ஒன்றும் வராது. கையைக் கட்டிக்கொண்டு "கெட் அப்" சொல்லச் சொன்னால் "கெட்" வரைக்கும் வந்து நாக்கு நின்றுவிடும். கையை அவிழ்த்துவிட்டாலோ, வாய் சும்மா இருக்கும்போதும் கை பாடம் படித்தது.

முட்டை உடைந்த மறுநாள் வெங்காயம் வாங்கக் கிடங்குக்குப் போனார். அங்கே விலையை வாயால் பேசமாட்டார்கள். தரகரும் வியாபாரியும் ஒரு துண்டுக்கு அடியில் கையைக் கோத்துக்கொண்டு, விரலைப் பிடித்துப் பிடித்தே விலையையும் மூட்டையையும் பேசி முடிப்பார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. தரகர் ஷேக் அலாவுதீன் துண்டைப் போட்டார். ஹபீபுக்கு வேண்டியது நாலு மூட்டை. ஆனால் அந்த நேரம் பார்த்துத்தானா மனசு "கிவ் அப், கிவ் ஆஃப், கிவ் ஓவர்" என்று ஓத வேண்டும்? துண்டுக்குள் கை குதித்தது, தட்டியது, சுற்றியது. அலாவுதீன் கண்ணை அகல விரித்தார்.

"நாப்பதா?"

"எது நாப்பது?"

"துண்டுக்குள்ள சொன்ன சொல்லு மாறாது நானா. உங்க வாப்பா ஒருநாள் மாறுனதில்லே."

வாப்பா பெயரை எடுத்த பிறகு என்ன பேச முடியும்? சாயங்காலம் நாற்பது மூட்டை வெங்காயம் கடையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. வாடிக்கைக்காரர்கள் அழுதுகொண்டே வந்து அழுதுகொண்டே போனார்கள். யாரோ மவுத்தாகிவிட்டார்கள் என்று நினைத்து இரண்டு பேர் துக்கம் விசாரிக்கவும் வந்தார்கள்.

"போதும்ங்க," என்றாள் சித்தி ஹாஜரா, முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி. "நம்ம பேச்சுலயும்தான் வால் இருக்கு. 'பாரு'ன்னா பாரு. 'பாத்துக்க'ன்னா கவனிச்சுக்க. 'பாத்துப்புடுவோம்'னா சண்டைக்கு வா. இதெல்லாம் உங்க உம்மா கையை ஆட்டியா சொல்லிக் குடுத்தாங்க?"

ஹபீப் அசந்து போனார். ஒரே சொல், இரண்டு வால், மூன்று வேலை, வீட்டுக்குள்ளேயே கிடந்திருக்கிறது! இத்தனை நாள் வாய் கூசாமல் பேசிக்கொண்டிருந்த தமிழின் மேல் திடீரென்று ஒரு மரியாதை வந்தது.

"அது தாய்ப்பாலோட வந்தது புள்ளே. இது ரிக்‌ஷா ஏறிப் போயிப் படிக்கிறது."

வாத்தியாரிடமே முறையிட்டார். கையை எப்படி நிறுத்துவது?

"நிப்பாட்டிறதோ? விசர்க்கதை கதையாதேயுங்கோ. வலக்கை ஏன் துள்ளுது? இடக்கை சும்மா இருக்கிறபடியால்தான். இண்டையிலிருந்து இடக்கைக்கும் வேலை."

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை. அன்றுவரை ஒரு கைதான் துள்ளியது. மறுநாள் முதல் இரண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து திரும்பும்போது தெருவில் "ஐ கீப் ஆன் ட்ரையிங்" என்று முணுமுணுத்து இரண்டு கையாலும் நூல் சுற்றியதைப் பத்துப்பேர் பார்த்தார்கள். பொழுது சாய்வதற்குள் அப்துல் காதர் வந்துவிட்டார்.

"மச்சானுக்கு வலிப்புன்னு சொல்றாங்களே? கம்பு தூக்குவாரா, மாட்டாரா? சோறு கொட்டிப் போச்சுன்னா எனக்குல்ல நஷ்டம்."

"எங்க வீட்டுக்காரருக்கு வலிப்பும் இல்லே, கிலிப்பும் இல்லே," என்று எகிறினாள் சித்தி ஹாஜரா. "திங்கக்கிழமை துரையைப் பார்த்துட்டு வரட்டும். அப்புறம் பேசுங்க."

சொல்லிவிட்டாளே தவிர அவளுக்கும் பயம்தான். துரையின் முன்னால் இந்த மனுஷன் காற்றாடி மாதிரி சுற்றினால் துரத்திவிட மாட்டானா? யோசித்தாள். ஒரு பழைய கோட்டை எடுத்துத் துவைத்தாள். இரண்டு பக்கமும் ஆழமாகப் பை வைத்து, பையின் வாயை மணிக்கட்டு அளவுக்கு இறுக்கித் தைத்தாள். கை உள்ளே போகும். வெளியே வருவது அவ்வளவு சுலபமில்லை.

"உள்ளேயே வச்சிருங்க. பெரிய மனுஷன் மாதிரி இருக்கும்."

திங்கட்கிழமை காலை பத்து மணி. கடற்கரைச் சாலையில் கம்பெனியின் மாடி ஆபீஸ். ஹபீபுக்கு முன்னால் உள்ளே போனவர் அப்துல் ரஹீம், பக்கத்துத் தெருக் கடைக்காரர், இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவர். கதவு இடுக்கு வழியே அவருடைய இங்கிலீஷ் அடைமழை மாதிரிக் கொட்டியது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஈ நுழைய இடமில்லை. துரையின் குரலோ "யெஸ்... யெஸ்..." என்று மட்டும் வந்தது.

எல்லாவற்றுக்கும் சம்மதம் சொல்கிறான் என்று ஹபீபின் நெஞ்சு உட்கார்ந்துவிட்டது. அரை மணி கழித்து ரஹீம் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

"வீணா நிக்காதீங்க நானா. துரை ஒரு கேள்விகூடக் கேக்கலே. அவ்வளவு திருப்தி."

ஹபீப் உள்ளே போனார். ஆல்வர்சன் துரை நெடிய ஆள். சோள நார் மாதிரி மீசை. அரை மணி நேரமாக மழையில் நனைந்தவன் முகம். இரண்டு கையையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தார். ஹபீப் தன் கைகளைப் பைக்குள் வைத்துக்கொண்டு எதிரே நின்றார்.

"வாட் டைம் டு யூ கெட் அப்?" என்றார் துரை.

ஹபீபுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. கொப்பியின் முதல் பக்கம், முதல் கேள்வி! எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாய் என்கிறார். விடை தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் கை பைக்குள். வாய் திறந்தது, காற்றுதான் வந்தது. படித்த இங்கிலீஷ் மொத்தமும் கோட்டுப் பைக்குள் அல்லவா கிடந்தது!

துரை காத்திருந்தார். மறுபடி மெதுவாகக் கேட்டார். ஹபீப் கையை இழுத்தார், வரவில்லை. சித்தி ஹாஜராவின் தையல் அப்படி. துரையின் முகத்தில் இருந்த கொஞ்ச வெளிச்சமும் மங்கியது. கதவைப் பார்க்க ஆரம்பித்தார்.

ஹபீபின் கண்ணுக்கு முன்னால் அந்தக் கெட்டித் துண்டு வந்தது. மச்சானின் முதுகு வந்தது. "யா அல்லாஹ்!" என்று ஒரே இழுப்பு. டர்ரென்று கோட்டின் வலப்பக்கம் முழங்கால்வரை கிழிந்தது.

"ஐ கெட் அப் அட் ஃபைவ்!"

கை கூரைக்குப் போயிற்று. துரை நாற்காலியில் நிமிர்ந்தார். அவர் கண் பளிச்சென்று விரிந்தது. கோபமா, பயமா, ஹபீபுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள நேரமும் இல்லை, அடுத்த கேள்வி வந்துவிட்டது.

"இஃப் மை ஷிப் ரன்ஸ் அவுட் ஆஃப் ரைஸ்?"

கப்பலில் அரிசி தீர்ந்துபோனால்? இரண்டாம் பாடம்! ஹபீப் இடது பையையும் கிழித்தார்.

"ஷிப் ரன் அவுட்" நெஞ்சிலிருந்து கை வெளியே. "ஐ பிரிங் ஓவர்!" தலையைச் சுற்றி வளையம்.

"வில் யூ புட் இட் ஆஃப்?"

தள்ளிப்போடுவாயா என்கிறார்! "நெவர் புட் ஆஃப்!" என்று தோளிலிருந்து எறும்பைத் தட்டினார் ஹபீப். தட்டிய வேகத்தில் பித்தான் தெறித்து மைக்கூட்டில் விழுந்தது.

கேள்விகள் கொப்பியில் இருந்த வரிசையிலேயே வந்தன. மூன்றாம் பாடம், நாலாம் பாடம், வரிசை பிசகவில்லை. ஐயாத்துரையை நினைத்து ஹபீபுக்கு மயிர்க்கூச்செறிந்தது. எப்பேர்ப்பட்ட மனுஷன்! வெள்ளைக்காரன் மனசுக்குள் புகுந்து பார்த்தல்லவா பாடம் எழுதியிருக்கிறார்! துரையும் ஒவ்வொரு கேள்விக்கும் தோளை அசைத்து அசைத்துக் கேட்டார். மேசைக்கு அடியில் கொசு போலிருக்கிறது, பாவம்.

"வில் யூ கீப் அஸ் வெயிட்டிங்?"

எங்களைக் காக்க வைப்பாயா? இங் வந்துவிட்டது! ஹபீப் காலை அகட்டி நின்றார். இரண்டு கையும் சுழன்றன.

"நெவர் கீப் யூ வெயிட்டிங்! நாட் ஸ்டாப் வொர்க்கிங்! ஆல்வேஸ் கோ ஆன் பிரிங்கிங்! சார், ஐ லுக் ஃபார்வர்டு டு சீயிங் யூ!"

கிழிந்த கோட்டு இரண்டு பக்கமும் சிறகு மாதிரிப் பறந்தது. கடைசியாகச் சொன்னது, உங்களை மறுபடி பார்க்கக் காத்திருக்கிறேன் என்பது. அதற்குப் புருவத்தின் மேல் ஒரு கை, முன்னே ஒரு தள்ளு, பிறகு நூல் சுற்றல். வாத்தியாரே ஒரு தடவைக்கு மேல் செய்து காட்டியதில்லை. ஹபீப் மூச்சு வாங்கச் செய்து முடித்தார்.

துரை எழுந்தார். மேசையைச் சுற்றி வந்தார். ஹபீபின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மிஸ்டர் ஹபீப்! இந்த ஊரிலேயே சரியான இங்கிலீஷ் பேசுகிற ஒரே ஆள் நீங்கள்தான்," என்று ஒவ்வொரு சொல்லாக இங்கிலீஷில் சொன்னார். காகிதத்தில் கையெழுத்தும் போட்டார்.

ஹபீப் மாடிப்படி இறங்கவில்லை, மிதந்தார். அல்ஹம்துலில்லாஹ்! கிழிந்த கோட்டோடு பினாங்கு ஸ்ட்ரீட் நெடுக நடந்தார், ரிக்‌ஷா வேண்டாமென்று சொல்லிவிட்டு. ஊர் பார்க்க வேண்டாமா? சித்தி ஹாஜரா கோட்டைப் பார்த்து முதலில் அழுதாள். காகிதத்தைப் பார்த்து மறுபடி அழுதாள். இந்தத் தடவை வெங்காயத்தால் அல்ல.

அப்துல் காதர் அன்று மத்தியானம் ஒரு சட்டி ஆட்டிறைச்சிக் கறியோடு வந்து வாசலில் நின்றார்.

"எனக்கு அப்பவே தெரியும் மச்சான்."

"என்ன தெரியும்?"

"நீங்க எங்கேயோ போகப் போறீங்கன்னு."

"உக்காருங்க," என்றார் ஹபீப் பெருந்தன்மையோடு. "கறி ஊத்தவா?"

முதல் கப்பலே நாற்பது மூட்டை வெங்காயத்தையும் அள்ளிக்கொண்டு போனது. "சரியான இங்கிலீஷ்" என்று துரை சொன்ன சொல் ஊரெல்லாம் பரவியது. புதன்கிழமைக்குள் தெருவில் நாலு கடைக்காரர்கள் கையை வீசி வீசி "குட் மார்னிங்" சொன்னார்கள். அப்துல் ரஹீமே கடைப்பக்கம் வந்து தலையைச் சொறிந்தார்.

"நானா, அந்த... நூல் சுத்துறது... எப்படின்னு கொஞ்சம் காட்டுறீங்களா?"

இதைவிட ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்? ஹபீப் அவருக்கு மூன்று தரம் செய்து காட்டினார்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஹல்வாத் தட்டும் ஒரு ஜோடிச் சரிகை வேட்டியுமாக ஜெலுத்தோங்குக்குப் போனார். அது அவருடைய நாள் இல்லைதான். ஆனால் நன்றிக்கு நாள் கிழமை உண்டா? ஐயாத்துரையின் வீட்டு வாசலில் திரை இறக்கிய ரிக்‌ஷா ஒன்று நின்றது. வாத்தியாரின் மனைவி யோகம்மா முற்றத்தில் மிளகாய் அள்ளிக்கொண்டிருந்தார்.

"வாங்கோ, வாங்கோ. இண்டைக்கு உங்களுக்குப் பாடம் இல்லையே?"

"பாடத்துக்கு வரலேம்மா, பரிசு குடுக்க வந்தேன்! ஐயாவைக் கூப்பிடுங்க. ஆல்வர்சன் துரை, எப்பேர்ப்பட்ட வெள்ளைக்காரர், எத்தனை படிச்சவர், அவரே என் இங்கிலீஷ்தான் சரியான இங்கிலீஷ்னு கையைப் புடிச்சிட்டார்!"

யோகம்மா உதட்டில் விரலை வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"மெல்லக் கதையுங்கோ, துரைக்குக் கேக்கப்போகுது. அவர் நோர்வேக்காரர், எட்டு மாசமாய் இஞ்சைதான் ஒளிச்சு ஒளிச்சு வந்து இங்கிலீஷ் படிக்கிறார், ஆனால் உங்கட கெட்டித்தனத்திலை காவாசியும் அவருக்கு இல்லையெண்டு இவர் ஒவ்வொரு வியாழனும் தலையிலை அடிக்கிறார்."